என் சிறுநீரகத்துக்கு யாரோ போட்ட மதிப்பெண்

வயிற்று வலி என்று மருத்துவமனைக்குப் போனேன். அங்கே இருந்த நாட்களில் என் வயிற்றைப் பற்றிப் பேசியவர்களைவிட என் தாடியைப் பற்றிப் பேசியவர்கள்தான் அதிகம். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் நிதானமாக எழுது என்றார்கள் நண்பர்கள். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

நான் ஒரு திருநம்பி. பிறந்தபோது பெண் குழந்தை என்று சொன்னார்கள். நான் ஆண். இதற்கு மேல் விளக்கம் கேட்பவர்களுக்கு இப்போது பதில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. வயது இருபத்தெட்டு. தாராசுரம் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம். அப்பா போன பிறகு நான் ஓர் உரக்கடை வைத்தேன். யூரியா மூட்டை, டி.ஏ.பி. மூட்டை எல்லாம் நானே தூக்கி இறக்குவேன். ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்பது ஒரு காரணம். என்னால் தூக்க முடிகிறது என்பதில் இருக்கும் சந்தோஷம் இன்னொரு காரணம்.

அந்த உடம்பைக் கொடுத்தது டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன். சென்னையில் ஒரு ஹார்மோன் டாக்டர் முறையாகப் பரிசோதித்து எழுதிக் கொடுத்தது. மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி, சில வருடங்களாகப் போட்டுக்கொள்கிறேன். குரல் உடைந்தது, தாடி வந்தது, தோள் அகன்றது, மாதாமாதம் வந்த தொல்லை நின்றது. கண்ணாடியைப் பார்த்தால் எனக்குத் தெரிந்த ஆள் நின்றான். மற்றவர்களுக்கு அது ஒரு மருந்துக் குப்பி. எனக்கு அது இல்லாமல் வெளியே தலைகாட்ட முடியாது.

சம்பா நடவு நேரம். கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். வலது பக்க அடிவயிற்றில் சுருக்கென்று ஆரம்பித்த வலி, மத்தியானத்துக்குள் நிமிர விடாமல் செய்துவிட்டது. அக்கா வீட்டுக்காரர் பக்கத்து ஊர்தான். அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். வந்து பைக்கில் என்னை நடுவில் உட்கார வைத்து, பின்னால் அம்மாவை ஏற்றிக்கொண்டு, கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். அதன் பெயரை எழுதப் போவதில்லை. பெயரில் என்ன இருக்கிறது, வேறு எங்கே போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

பதிவு செய்யும் இடத்தில் ஒரு பெண் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். அதில் இன்னும் பழைய பெயர், பழைய பாலினம். மாற்றுவதற்காக நான் ஏறி இறங்கிய அலுவலகங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிப் புத்தகம்.

"இதுல பெண்ணுன்னு இருக்கே?"

"நான் ஆண்ங்க. திருநம்பி. ஆண்னு போடுங்க."

"கார்டுல இருக்கறதத்தான் போட முடியும். எனக்கு ஒண்ணும் இல்ல சார், சாஃப்ட்வேர்ல அப்படித்தான் இருக்கு."

வாய் நிறைய சார் என்று சொல்லிவிட்டு, கை பெண் என்று தட்டியது. எனக்கு வலி. சண்டை போடத் தெம்பில்லை. அந்த ஒரு தட்டுக்காக அப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் நான் அலைவேன் என்று அப்போது யாருக்குத் தெரியும்!

பெண் என்று பதிவானதால் பெண்கள் வார்டில் கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். தாடி வைத்த ஒருவன் உள்ளே வந்து படுத்ததும் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நான் வெளியே போகிறேன் என்று நானேதான் சொன்னேன். ஆண்கள் வார்டுக்குப் போனால் அங்கே இருந்த நர்ஸ், "ரெக்கார்டுல ஃபீமேல்னு இருக்கு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். கடைசியில் டிரிப் ஸ்டாண்டுகளும் உடைந்த சக்கர நாற்காலியும் போட்டு வைத்திருந்த ஓர் அறையைத் துடைத்து, ஒரு கட்டிலைப் போட்டுக் கொடுத்தார்கள். அதற்குத் தனி அறை வாடகையும் பில்லில் வந்தது. உடைந்த நாற்காலியோடு குடித்தனம் நடத்த வாடகை!

மறுநாள் காலையில் அத்தான் வந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியவரில்லை. ஒரு மஞ்சள் பையைக் கட்டில் மேல் வைத்தார். உள்ளே ஒரு புது லுங்கி, முகம் மழிக்கும் ரேசர், சின்ன சோப்பு.

"ஆஸ்பத்திரி கவுன மாட்டி விட்ருவாங்க மாப்ள. லுங்கி கட்டிக்க. தாடிய லேசா சரி பண்ணிக்க, ஆளு டல்லாத் தெரியற," என்றார். சொல்லிவிட்டு டீ வாங்கிவரப் போய்விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மருத்துவமனையில் எனக்கு நடந்த ஒரே நல்ல வைத்தியம் அதுதான்.

குடல்வால் வீங்கியிருக்கிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அறுவை சிகிச்சைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பெரிய டாக்டர் வந்தார். கையில் என் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கை. முகம் இறுகியிருந்தது.

"கிட்னி பிரச்சன எத்தன வருஷமா இருக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்படி எதுவும் இல்லையே டாக்டர்."

"கிரியேட்டினின் ஒண்ணு புள்ளி மூணு இருக்கு. பொண்ணுங்களுக்கு ஒண்ணு தாண்டினாலே யோசிக்கணும். உங்க கிட்னி நூத்துக்கு ஐம்பத்தேழுதான் வேல செய்யுது. மூணாவது ஸ்டேஜ். ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா?"

ஊசியைப் பற்றிச் சொன்னேன். அவ்வளவுதான். தேடிய திருடன் கையில் சிக்கியதுபோல் அவர் முகம் தெளிந்தது.

"அப்படிச் சொல்லுங்க! இயற்கைக்கு விரோதமா உடம்புல எதையாவது ஏத்திக்க வேண்டியது, அப்புறம் கிட்னி போச்சு, ஈரல் போச்சுன்னு இங்க வந்து நிக்க வேண்டியது. இன்னையோட அந்த ஊசிய நிறுத்துங்க. இல்லன்னா சின்ன வயசுலயே டயாலிசிஸ்தான்."

டயாலிசிஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தெருவில் ராசேந்திரன் பெரியப்பா அப்படித்தான் போனார். வாரத்தில் பாதி நாள் கும்பகோணம் பஸ்ஸில் போய், மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, பிழிந்த துணிபோல் திரும்பி வருவார். குடிக்கும் தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுப்பார்கள். நடவும் அறுப்பும் பார்த்த மனிதர் ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பெரியம்மாவிடம் கெஞ்சியதை அம்மா நேரில் பார்த்திருக்கிறார்.

"கிட்னி இப்படி இருக்கும்போது ஆபரேஷன் ரிஸ்க்" என்று ஆன்டிபயாடிக் ஏற்றியே குடல்வால் வீக்கத்தை அடக்கினார்கள். வலி குறைந்தது. ஒரு மாதம் கழித்துக் கிட்னியைப் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சை என்று அனுப்பி வைத்தார்கள். போகும்போது சொன்ன பத்தியம் இரண்டு: ஊசியை நிறுத்த வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும். சென்னை டாக்டரிடம் பேசுங்கள் என்று நான் போனை நீட்டினேன். பெரிய டாக்டர் கையைக்கூட நீட்டவில்லை. சென்னை டாக்டரம்மா போனில் என்னிடம், "அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம், முதல்ல ஒரு சிறுநீரக டாக்டரைப் பாருங்க" என்று சொல்லத்தான் செய்தார். ஆனால் பக்கத்தில் அம்மா அழுதுகொண்டிருந்தார். எனக்கும் பயம். அந்த வாரம் போட வேண்டிய ஊசியைப் போடவில்லை. அடுத்ததையும் போடவில்லை.

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அது வந்தபோது தாங்க முடியவில்லை. கடையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது அடிவயிறு பிசைந்தது. குடல்வால்தான் மறுபடியும் என்று நினைத்து வீட்டுக்கு ஓடினேன். குளியலறையில் ரத்தத்தைப் பார்த்தேன். வருடக்கணக்காக இல்லாதது திரும்பி வந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் ஓங்கிக் குத்தினேன். என் உடம்பை யாரோ என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, பழைய உடம்பைச் சட்டைபோல் மாட்டிவிட்டதாக இருந்தது.

சத்தம் கேட்டு அம்மா வந்தார். கடைக்குப் போய் வேண்டியதை வாங்கி வந்து கதவிடுக்கில் வைத்தார். நான் வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "நல்லதுதான்டா. உடம்பு சரியாயிட்டு வருதுன்னு அர்த்தம்."

அன்று நான் சாப்பிடவில்லை.

அம்மா சும்மா இருக்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு வைத்தியம் உண்டு. எந்த உறுப்பு கெட்டதோ, ஆட்டில் அந்த உறுப்பைச் சாப்பிட வேண்டும். ரத்தம் குறைவு என்றால் சுவரொட்டி என்கிற மண்ணீரல், நெஞ்சு சளி என்றால் நுரையீரல். எனக்குக் குண்டிக்காய், அதாவது ஆட்டின் கிட்னி. ஒரு ஆட்டுக்கு இரண்டு குண்டிக்காய்தான். கறிக்கடை பாய் அதை மட்டும் தனியாகத் தர மாட்டார். தொடைக்கறியோடு சேர்த்துத்தான் தருவார். "புள்ளைக்கு கிட்னி சரியில்லையாமே, எடுத்து வெக்கிறேன் அக்கா. வெறும் குண்டிக்காய மட்டும் வெச்சு என்ன பண்ணுவீங்க, கறியும் போடுங்க, தெம்பு வரும்" என்று அவரும் அக்கறையாகச் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் இட்லிக்கு மிளகு போட்டு வறுத்த குண்டிக்காய், கறிக்குழம்பு. உப்புக் குறைவாக. அம்மா அதில் மட்டும் டாக்டர் சொன்னதை அப்படியே கேட்டார்.

மாதம் முடிந்து பரிசோதனைக்குப் போன அன்று காலையிலும் வயிறு முட்டச் சாப்பிட வைத்துத்தான் பஸ் ஏற்றினார். வெறும் வயிற்றோடு வரச் சொல்லவில்லை, உறுதியாகக் கேட்டேன் என்று பெருமை வேறு. ரத்தம் கொடுத்தேன். அறிக்கை வந்தது. கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஆறு. கிட்னி நாற்பத்தைந்து.

"பாத்தீங்களா? ஊசி எவ்வளவு சேதம் பண்ணியிருக்குன்னு இப்பதான் தெரியுது," என்றார் பெரிய டாக்டர்.

குறைந்திருந்தால் ஊசியை நிறுத்தியதால் குறைந்தது என்றிருப்பார். கூடியது, ஊசி செய்த சேதத்தால் கூடியது என்கிறார். எப்படிப் போனாலும் குற்றவாளி ஒருவன்தான். இந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ ஒன்று சுதாரித்துக்கொண்டது. அறிக்கையை வாங்கி முதல் வரியிலிருந்து படித்தேன். வயது, அதற்குப் பக்கத்தில் பெண்.

"டாக்டர், இதுல ஆண்னு போட்டுக் கணக்குப் பண்ணா எவ்வளவு வரும்?"

"நீங்க என்னன்னு உங்க கிட்னிக்குத் தெரியும். கம்ப்யூட்டர்ல மாத்திட்டா கிட்னி மாறிடுமா?" என்று சிரித்தார். கூட நின்ற பயிற்சி டாக்டர்களும் சிரித்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து போனில் தேடினேன். அந்தக் கணக்கு ஒன்றும் ரகசியமில்லை. கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா, இந்த மூன்றைக் கொடுத்தால் ஒரு மதிப்பெண் தரும். முதல் தடவை வந்த ஒன்று புள்ளி மூன்றைப் போட்டேன். பெண் என்று தட்டினால் ஐம்பத்தேழு. ஆண் என்று தட்டினால் எழுபத்தேழு. அதே ரத்தம், அதே கிட்னி. ஒரு தட்டில் நான் மூன்றாம் கட்ட நோயாளி. அடுத்த தட்டில் டாக்டர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். இதற்காகவா என் ஊசியைப் பிடுங்கினீர்கள்? இதற்காகவா குளியலறைச் சுவரில் நான் கையைப் புண்ணாக்கிக்கொண்டேன்? சத்தம் போட்டே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் வெற்றிலைக் கவுளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

தஞ்சாவூரில் ஒரு சிறுநீரக டாக்டரம்மாவைத் தேடிப் போனோம். காத்திருக்கும் இடத்தில் நாற்காலிகள் நிறைந்து, மாடிப்படியிலும் ஆட்கள். முகம் வீங்கியவர்கள், கையில் டயாலிசிஸ் தழும்போடு தூங்குபவர்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. கணக்கு எப்படி வந்தாலும், ஒன்று புள்ளி ஆறு நிஜமாகவே கூடியதுதானே? ஒருவேளை அந்தப் பெரிய டாக்டர் சொன்னது உண்மையாக இருந்தால்? ஊசியா கிட்னியா என்று வந்தால் நான் எதை எடுப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் இதே கேள்வி.

டாக்டரம்மா இரண்டு அறிக்கைகளையும் பார்த்தார். என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "உங்கள எப்படிக் கூப்பிடணும்?" பெயரைச் சொன்னேன். அடுத்து, "என்ன வேல பாக்கறீங்க?" மூட்டை தூக்குவதைச் சொன்னேன். மூன்றாவது, "ரெண்டாவது டெஸ்ட்டுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?"

அம்மா முந்திக்கொண்டார். "ஆட்டுக் குண்டிக்காய் டாக்டர். கறியோட. ஒரு நாள் விடாம. அன்னைக்குக் காலையிலயும் குடுத்துத்தான் அனுப்பினேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க நல்லெண்ணத்துலதான் செஞ்சீங்க. ஆனா சமைச்ச கறியிலயே கிரியேட்டினின் இருக்கு. அது சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல ரத்தத்துல ஏறிடும். அந்த நேரம் பாத்து ரத்தம் எடுத்தா நம்பர் கூடத்தான் காட்டும்."

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

பிறகு எனக்கு விளக்கினார். நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். கிரியேட்டினின் என்பது தசை உண்டாக்கும் கழிவு. கிட்னி அதைச் சிறுநீரில் வெளியேற்றும். ரத்தத்தில் அது கூடினால் கிட்னி சரியாக வெளியேற்றவில்லை என்று சந்தேகப்படுவார்கள். ஆனால் தசை கூடினாலும் அது கூடும். டெஸ்டோஸ்டிரோன் தசையைக் கூட்டுகிறது. அதனால் ஊசி போட்ட சில மாதங்களில் திருநம்பிகளுக்குக் கிரியேட்டினின் ஆண்கள் அளவுக்கு ஏறிவிடும். கிட்னி அப்படியேதான் இருக்கும். திருநங்கைகளுக்குப் பெண் ஹார்மோனால் அது கொஞ்சம் இறங்கலாம். அங்கே நிஜமாகவே கிட்னி கெட்டிருந்தாலும் கண்ணில் படாமல் போகக்கூடும்.

"உங்க ஊர்ப்பக்கம் சொல்றதுன்னா, வயல்ல தண்ணி ஏறி நிக்குதுன்னா வடிகால் அடச்சிருக்குன்னு மட்டும் அர்த்தமில்ல. வாய்க்கால்ல கூடத் தண்ணி வந்திருக்கலாம்ல? ரெண்டையும் பாக்கணும்," என்றார்.

"அப்ப ஆண்னு போட்டுக் கணக்குப் பண்ணா சரியா வருமா டாக்டர்?"

"அதுவும் முழுசா சரின்னு சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கு போட்டப்ப உங்கள மாதிரி ஆளுங்கள யாரும் யோசிக்கல. உங்களுக்கு ஆண் கணக்குதான் கிட்ட வரும்னு நெனக்கிறேன். ஆனா நெனப்ப வெச்சு வைத்தியம் பண்ணக்கூடாது. தசையச் சாராத வேற டெஸ்ட் இருக்கு."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர். எனக்கு அவர் காலில் விழலாம்போல் இருந்தது.

அந்தப் பரிசோதனையின் பெயர் சிஸ்டாட்டின் சி. உடம்பின் எல்லாச் செல்களும் உண்டாக்கும் ஒரு புரதம். மூட்டை தூக்குவதும் கறி சாப்பிடுவதும் அதை அவ்வளவாக அசைக்காது. அதையும் ஹார்மோன்கள் ஓரளவு ஆட்டிப் பார்க்கும், தைராய்டு சரியில்லை என்றால் மாறும், ஸ்டீராய்டு மருந்து எடுத்தால் ஏறும், அதனால் தைராய்டையும் சேர்த்துப் பார்ப்போம், கிட்னிக்கு ஒரு ஸ்கேனும் எடுப்போம் என்றார். சிறுநீரை ஒரு நாள் முழுக்கக் கேனில் பிடித்து வரச் சொன்னார். கறி மீன் எதுவும் கூடாது. பிறகு பழைய அறிக்கையின் அடியில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். சிறுநீரில் புரதம் இல்லை. கிட்னி கெட்டால் பெரும்பாலும் முதலில் அங்கேதான் தெரியுமாம். கும்பகோணத்து அறிக்கையில் ஆரம்பத்திலிருந்தே அந்த வரி இருந்திருக்கிறது. படிக்க ஆள் இல்லை. தாடியைப் படிக்கவே நேரம் சரியாக இருந்திருக்கும்.

முடிவுகள் வந்தன. கிரியேட்டினின் மறுபடி ஒன்று புள்ளி மூன்றுக்கு இறங்கியிருந்தது. சிஸ்டாட்டின், தைராய்டு, ஸ்கேன், சிறுநீர் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

"உங்க கிட்னி நல்லா இருக்கு. ஊசிய ஆரம்பிங்க. குடல்வால் ஆபரேஷன முடிச்சிட்டு, மூணு மாசம் கழிச்சு ஊசி போட்ட நெலமையில மறுபடி ஒரு தடவ பாப்போம். அதுலயும் இதே மாதிரி இருந்தா சந்தேகமே வேண்டாம்."

பஸ்ஸில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். பாபநாசம் தாண்டும்போது மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? கோவப்படக்கூடாது."

"சொல்லும்மா."

"அந்த டாக்டர் ஊசிய நிறுத்தச் சொன்னாருல்ல. எனக்கு அன்னைக்குப் பெரிய நிம்மதியா இருந்துச்சு. ராசேந்திரன் பெரியப்பா மாதிரி ஆயிடக்கூடாதுன்னு அழுதேன், அது நெசம். ஆனா காளியம்மன் கோயில்ல நின்னு வேண்டிக்கிட்டது வேற. அவரு சொன்னது பொய்யாப் போயிடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். கிட்னில கொஞ்சம் கோளாறு இருக்கட்டும், பத்தியமா சமைச்சுப் போட்டுப் பாத்துக்கலாம், இந்த ஊசி நின்னாப் போதும், என் பொண்ணு திரும்பி வந்துடுவான்னு."

கையில் குண்டிக்காய் வறுவல், வாயில் இந்த வேண்டுதல். ஒரே மாதத்தில், ஒரே ஆள். பெரிய டாக்டரைத் திட்டலாம், கம்ப்யூட்டரைத் திட்டலாம். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் இந்த மனுஷியை நான் என்ன செய்வது?

"நான் சாகலாம்னு வேண்டிக்கிட்டியா?"

"ஐயோ, இல்லடா!"

"ஊசி இல்லன்னா நான் இருக்க மாட்டேம்மா. உனக்கு அது தெரியாது?"

அந்த வாரமே ஊசி போட்டுக்கொண்டேன். அம்மாவைக் கூட்டிப் போகவில்லை. தஞ்சாவூரிலேயே குடல்வாலை எடுத்தார்கள். ஆண்கள் வார்டில் ஒரு கட்டில் கொடுத்தார்கள். டாக்டரம்மா முன்கூட்டியே என்னை ஆண் என்று எழுதி வைத்திருந்தார். யாரும் எதையும் இழுத்து மூடிக்கொள்ளவில்லை. அத்தான் ராத்திரித் துணைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார். அம்மா பகலில் ரசம் சாதம் கொண்டு வந்து, கட்டிலருகே வைத்துவிட்டு, கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். ஊசி நேரத்துக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது, மூட்டையும் தூக்க ஆரம்பித்துவிட்டேன். மாதத் தொல்லை நின்றிருந்தது. கிரியேட்டினின் அதே ஒன்று புள்ளி மூன்று. சிஸ்டாட்டின் அசையவில்லை. "இதான் உங்க நம்பர். இனிமே இத வெச்சுத்தான் உங்களப் பாக்கணும், அடுத்தவங்க நம்பர வெச்சு இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுங்க, போதும்," என்றார் டாக்டரம்மா. பழைய மருத்துவமனையில் என் பதிவில் இன்னும் மூன்றாம் கட்டம் என்றுதான் இருக்கிறது. திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இல்லை. அங்கே வேறு எந்தத் திருநம்பி வயிற்று வலி என்று போய்ப் படுத்திருக்கிறானோ, அவன் ஊசியை யார் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்களோ. நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தம்பி, யார் நிறுத்தச் சொன்னாலும் உடனே நிறுத்தாதே. உன் ஹார்மோன் டாக்டரைக் கேள். எந்தக் கணக்கில் போட்டீர்கள் என்று கேள். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று கேள். சிரித்தால் சிரிக்கட்டும்.

அன்று வீட்டுக்கு வந்து அறிக்கையை அம்மாவிடம் நீட்டினேன். அம்மாவுக்கு எண்கள் தெரியும். டாக்டரம்மா வட்டம் போட்ட இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி போட்டுக்கிட்டே இருக்கும்போதா இது?"

"ஆமாம்மா."

"ஒண்ணும் ஆகலையா?"

"ஒண்ணும் ஆகல."

அறிக்கையை மடித்து என் கையிலேயே கொடுத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப இனிமே காளியம்மாகிட்ட வேண்டிக்க எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார். "வா, சாப்பிடு."